கார்னெட்டுக்குத் துண்டு போதும்

அன்று ஷெட்டில் இருந்தவர்கள் ஏழு பேர். முதலாளி. வெள்ளை ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்திருந்த, பெரிய கம்பெனியின் குவாலிட்டி ஆள். மண் கொட்டும் ‘பாட்’ என்கிற இரும்பு உருளையைப் பார்த்துக்கொள்ளும் ஒடிசாக்காரர். என்னோடு சல்லடை பிடிக்கும் கன்னியம்மா அக்கா. நான். முகமூடியை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டு, நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர். அப்புறம் அவர். யாரையாவது விட்டுவிட்டேனோ என்று இதை எழுதும்போது விரல்விட்டு மறுபடி எண்ணினேன். ஏழுதான்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது தேடி வந்து ஏன் எழுதினாய் என்று கேட்பார்களோ என்று பயம். நான் ஏழாவதோடு நின்றவள், எதிர்த்துப் பதில் சொல்லத் தெரியாது. எங்களுக்கெல்லாம் அவர் ஸ்டோர் அண்ணன்.

சென்னீர்குப்பத்தில் ஹைவேயை விட்டு உள்ளே தள்ளி, தகரம் போட்ட ஷெட் அது. துருப்பிடித்த குழாய், தொட்டி, கேட் எல்லாம் லாரியில் வந்து இறங்கும். கம்ப்ரசர் காற்றில் மண்ணைப் பீய்ச்சி அடித்துத் துருவை உரித்து, பெயின்ட்டுக்கு அனுப்புவோம். துப்பாக்கி மாதிரிப் பீய்ச்சும் கன்னைப் பிடிப்பது என் வீட்டுக்காரர். அடித்துக் கீழே கொட்டிய மண்ணைக் கூட்டிச் சலித்து மறுபடி மூட்டை கட்டுவது நானும் கன்னியம்மா அக்காவும். ஒரு காலத்தில் இதற்கு ஆற்று மணலைத்தான் பயன்படுத்தினார்கள். மணல் இரும்பில் பட்டதும் நொறுங்கி மாவாகி நெஞ்சுக்குள் போய்விடும் என்பதால், பெரிய கம்பெனிகள் மணலே கூடாது, கார்னெட்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டன. கார்னெட் ஒரு கல். தெற்கே கடற்கரையில் மண்ணாகவே கிடைக்குமாம். பீட்ரூட் சாறு கொட்டிக் காய்ந்த மாதிரி நிறம்.

"இது கார்னெட்தான்னு நான் எப்படி நம்புறது?" என்றார் குவாலிட்டி ஆள்.

முதலாளி ஸ்டோர் அண்ணனைப் பார்த்தார். ஸ்டோர் அண்ணன் என்னைப் பார்த்தார். "உன் தட்ட குடும்மா."

நான் சாப்பிட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் தட்டு. அதை எடுத்துக்கொண்டு மூட்டை அடுக்கின பக்கம் போனார். முன்வரிசையில் நாலு மூட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவற்றைத் தாண்டி, பின்னால் ஏறி, சுவரோரம் கிடந்த ஒரு மூட்டையைப் பிரித்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்தார். தட்டில் போட்டுத் தண்ணீர் விட்டு, அரிசியில் கல் அரிப்போமே, அதே மாதிரி சாய்த்துச் சாய்த்துச் சுழற்றினார். சிவப்பு அப்படியே நடுவில் உட்கார்ந்தது. ஓரத்தில் ஒன்றும் வரவில்லை.

"கார்னெட்டு கனம் சார். நவுராது. மணல் ஒரு சிட்டிக கலந்திருந்தாலும் வெள்ளையா ஓரத்துக்கு ஓடியாந்துரும்."

பிறகு காய்ந்த மண் கொஞ்சத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, குவாலிட்டி ஆளின் காதோரம் கொண்டுபோய்த் தேய்த்தார். "கேளு சார். மணலு முணுமுணுன்னும். இது கறார்னு பேசும்."

குவாலிட்டி ஆள் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கார் கிளம்பிய பிறகு நான் கேட்டேன். "ஏண்ணா, முன்னாடி கீற மூட்டைய வுட்டுட்டு பின்னாடி ஏறிப் போனே?"

"முன்னாடி மூட்ட ஈரம்மா. இன்னாத்துக்கு இதெல்லாம் பாத்துகினு கீறே?"

என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "நீ வேற மச்சான். இவ கேஸ மூணு வாட்டி பாத்துட்டுத்தான் ஊட்டப் பூட்டுவா. நாலாவது வாட்டி பஸ் ஸ்டாப்புலருந்து திரும்பிப் போவா."

"உனுக்கு எல்லாத்துக்கும் பயம்மா. ஒண்ணியும் ஆவாது" என்றார் ஸ்டோர் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முன்வரிசை மூட்டையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிய நாலு வருடம் ஆனது. அதற்குள் என் வீட்டுக்காரரால் எங்கள் மாடிப்படியை ஒரே மூச்சில் ஏற முடியாமல் போய்விட்டது. மொத்தம் பதினோரு படி.

அந்த மனிதரை முழுக்கக் கெட்டவராகவே எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அப்படி எழுத வரவில்லை. தூசியில் மூழ்கிய அந்த ஷெட்டில் அவர் ஒருவர்தான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வருவார். மதியம் வரைக்கும் அது வெள்ளையாகவே இருக்கும். வலது நடுவிரலில் வெள்ளி மோதிரம், அதில் தேன் நிறத்தில் ஒரு கோமேதகம். எதைக் கையில் எடுத்தாலும் விரலால் தேய்த்துக் காதோரம் வைத்துக் கேட்பார். சிமென்டைக் கேட்பார், ரவையைக் கேட்பார். ஒருமுறை கன்னியம்மா அக்கா வாங்கி வந்த ரேஷன் சர்க்கரையைத் தேய்த்துக் கேட்டுவிட்டு, "இதுல பாதி ரவ கீதுக்கா, போய் மாத்து" என்றார். அக்கா போய்ச் சண்டை போட்டு மாற்றிக்கொண்டு வந்தாள். உண்மையாகவே ரவை கலந்திருந்ததாம். அவ்வளவு கூர்மையான காது.

தெற்கே கடலோரத்தில் மண்ணைப் பிரிக்கும் ஒரு கம்பெனியில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். பூந்தமல்லியில் பிறந்தவர் அங்கே எப்படிப் போனார், ஏன் திரும்பினார் என்று யாருக்கும் தெரியாது. டீ நேரத்தில் கல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீ ஆறிவிடும்.

"கடலே பாதி வேலைய முட்ச்சி குட்த்துரும்மா. லேசானத இழுத்துகினு பூடும், கனமானத கரையில வுட்டுட்டு பூடும். காலைல போய்ப் பாத்தா கரையோரம் செவப்பா கோடு போட்ட மாரி கெடக்கும். அத்த அள்ளினு வந்து, காந்தத்துல வுட்டு, கறுப்ப ஒரு பக்கம், செவப்ப ஒரு பக்கம்."

"கல்லுன்றே, மண்ணுன்றே. எதுண்ணா?" என்பாள் கன்னியம்மா அக்கா.

"கல்லுதான்க்கா. மலைல பொறந்து, ஆத்துல உருண்டு, கடல்ல ஒட்ஞ்சி மண்ணாய்ச்சி. ஒட்ஞ்சாலும் மொன மழுங்காது. ஒடைய ஒடைய புது மொன. அதாலதான் நாலு வாட்டி சலிச்சி நாலு வாட்டி அடிக்கிறோம். இது கண்ணாடியக் கீறும். இரும்பு அரம் இத்த ஒண்ணியும் பண்ண முடியாது. ஆசாரி மரத்தத் தேய்க்கிற பேப்பர்ல கீது. தண்ணி சுத்தம் பண்ற தொட்டிக்கு அடில கீது. மண்ணூர்பேட்டல ஒரு மிசின் கீது, போய்ப் பாரு. தண்ணில இத்த கலந்து நூல் மாரி பீச்சுறான். இம்மாம் மொத்தம் இரும்பு, கேக்கு வெட்ற மாரி வெட்டினு போவுது."

பிறகு மோதிரத்தைக் காட்டுவார். கோமேதகமும் இதே ஜாதிக் கல்தானாம். இது தேன் நிறம், அது பீட்ரூட் நிறம், ரெண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பார்.

"ராகு தெச நடக்குதுன்னு ஊர்ல ஆயிரம் ஆயிரமா குட்த்து ஒத்தக் கல்லு வாங்கிப் போட்டுகினு சுத்துறான். நீ மூட்ட மூட்டையா சலிக்கிற, உன் தலைல கீது, உன் ஜாக்கெட்ல கீது, உன் சோத்துல கீது. உன் கிட்ட எந்த ராகும்மா வருவான்?"

சிரிப்பதற்காகத்தான் சொன்னார். ஆனால் நான் அதைப் பிடித்துக்கொண்டேன். பயப்படுகிறவளுக்கு யாராவது ஒருவர் தெளிவாக ஒன்றைச் சொன்னால் போதும், அதைக் கையில் முடிந்து வைத்துக்கொள்வாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், கரண்ட் பில் கூட வந்தால், வீட்டுக்காரர் வர அரை மணி நேரம் தாமதமானால் ஸ்டோர் அண்ணனிடம் போய்ச் சொல்வேன். அவர் "ஒண்ணியும் ஆவாது" என்பார். உண்மையிலேயே ஒன்றும் ஆகாது. காய்ச்சல் இறங்கும், பில் கட்டிவிடுவோம், வீட்டுக்காரர் பரோட்டா பார்சலோடு வந்து நிற்பார். இப்படி நூறு முறை அவர் சொன்னதுதான் நடந்தது, என் பயம் தோற்றது. நூறு முறை தோற்றதை அப்புறம் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை.

அவர் பயப்பட்டு நான் பார்த்ததே கிடையாது. ஒருநாள் கம்ப்ரசரிலிருந்து வரும் தடித்த ரப்பர் குழாய் இணைப்பிலிருந்து கழன்றுவிட்டது. முழுக் காற்றோடு அது பாம்பு மாதிரித் தரையில் துள்ளித் துள்ளி அடித்தது. நுனியில் கனமான இரும்பு, மண்டையில் பட்டால் அவ்வளவுதான். எல்லோரும் வெளியே ஓடினோம். கன்னியம்மா அக்கா மட்டும் சல்லடை மேடைக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அலறினாள். ஸ்டோர் அண்ணன் ஸ்டோரிலிருந்து வந்தார். ஓடி வரவில்லை, நடந்து வந்தார். குழாய் ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் திரும்புகிற நேரம் பார்த்துத் தாண்டினார், வால்வைத் திருகினார். குழாய் செத்துப்போய்ப் படுத்தது. "இன்னாக்கா, டான்ஸ் ஆட சொன்னா அழுவுற?" என்று கேட்டுவிட்டு, டீ சொல்லச் சொன்னார். அக்கா அதற்குப் பிறகு அவர் பிறந்தநாள் என்னவென்று கேட்டுவைத்துக்கொண்டு, வருடா வருடம் மாங்காட்டுக் கோயிலில் அவர் பேரில் அர்ச்சனை செய்தாள். செலவு அவளுடையதுதான்.

என் மகளுக்கு மீன் வளர்க்க ஆசை. கண்ணாடி ஜாடி வாங்கிவிட்டேன், அடியில் போடக் கல் வாங்கக் காசில்லை. கேள்விப்பட்டதும் அவரே ஒரு பாலிதீன் பையில் புது கார்னெட்டை ஏழு தண்ணீர் விட்டுக் கழுவிக் கொண்டு வந்து கொடுத்தார். ஜாடியில் கொட்டி ஜன்னலில் வைத்தால், வெயில் படும்போது மாதுளை முத்தைக் கொட்டி வைத்தது போல் இருந்தது. மீன்கள் ஒரு மாதத்தில் செத்தன. மண்ணைக் கொட்ட மனம் வரவில்லை. ஜாடி அப்படியே கிடந்தது.

இதெல்லாம் முதல் இரண்டு வருடம். அப்புறம் தெற்கே மண் எடுக்க விடவில்லை என்று பேசிக்கொண்டார்கள். கார்னெட் மூட்டை விலை ஏறியது. முதலாளி ஸ்டோருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவரோடு பேசுவது அதிகமானது. குவாலிட்டி ஆள் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, டிராக்டரில் பொடி மணல் வந்து பின்பக்கம் இறங்கியது. காம்பவுண்டு சுவர் கட்டவாம். சுவர் எழவில்லை. மணல் குவியல் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. இதையும் நான் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன சொல்வார்கள் என்று எனக்கு மனப்பாடம்.

அந்த வருடம்தான் முகமூடிக் குழாய் கிழிந்தது. கன் பிடிப்பவர் தலையில் போடும் முகமூடிக்குள் வெளிக்காற்றைக் கொண்டுவரும் குழாய் அது. அது இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் தூசியைத்தான் இழுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் ஸ்டோர் ஜன்னலில் போய் நின்று புதுக்குழாய் கேட்டார். நான் பக்கத்தில் சாக்கு எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஓனரு அடுத்த மாசம்ன்றாரு மாமே. அதுவரிக்கும் மூக்குல துண்டக் கட்டினு உள்ள போட்டுக்கோ. இது இன்னா மணலா? கார்னெட்டுக்குத் துண்டு போதும்."

துண்டையும் அவரே கொடுத்தார். புதுசு, நீலக் கரை போட்டது.

குழாய் வாங்கவே இல்லை. ஒன்றரை வருடம் என் வீட்டுக்காரர் அந்தத் துண்டோடு அடித்தார். சாயங்காலம் நான் அதைத் துவைத்தால் வாளித் தண்ணீர் அடியில் மாவு படியும். சிவப்பு மண் அடிக்கிற ஆளின் துண்டிலிருந்து ஏன் வெள்ளை மாவு வருகிறது என்று ஒருநாள் யோசித்தேன். மறுநாள் யோசிக்கவில்லை.

இருமல் வந்தது. டிபி என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். எடை குறைந்தது, இருமல் குறையவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அங்கே இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும், வெளியே எடுத்தால் பணம். அன்று மாலை ஸ்டோர் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். பதினோரு படியையும் சாதாரணமாக ஏறி வந்து, டீ குடித்து, மகளிடம் படிப்பைப் பற்றிக் கேட்டு, போகும்போது ஆறாயிரம் ரூபாயை எண்ணாமல் என் கையில் வைத்தார்.

"மெதுவா குடு தங்கச்சி. ஸ்கேனு எடு. ஒண்ணியும் ஆவாது."

அவர் போன பிறகு வீட்டுக்காரர் சொன்னார். "கவனிச்சியா? மச்சான் கையில மோதரம் இல்ல."

நான் கவனித்திருந்தேன். விரலில் மோதிரம் இருந்த இடம் மட்டும் வெளுத்துப்போய் வளையம் மாதிரித் தெரிந்தது. அன்று இரவு நான் அவருக்காகச் சாமி கும்பிட்டேன். இதை மறைக்க முடியாது.

டாக்டர் ஸ்கேனை விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "மணல் அடிக்கிற வேலையா?"

"இல்ல சார், கார்னெட்டு" என்றார் என் வீட்டுக்காரர். மூச்சு வாங்கியது, ஆனாலும் அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. "அது கல்லு சார். கனம். தூசியா பறக்காது. அதுல நெஞ்சுக்கு ஆவாதது ஒண்ணியும் கெடையாது."

"யார் சொன்னது?"

"எங்க ஸ்டோர்ல."

டாக்டர் என்னைப் பார்த்தார். "சுத்தமான கார்னெட்ல இப்படி ஆகாதும்மா. இது மணல் தூசி. உள்ள போய் உக்காந்து நுரையீரல் காய்ச்சுப் போயிடுச்சு. இனிமே இது திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம், அவ்வளவுதான்."

பஸ்ஸில் வரும்போது என் வீட்டுக்காரர் சொன்னார். "டாக்டருக்குத் தெரில. கார்னெட்ட அவரு பாத்திருக்க மாட்டாரு."

மூன்று மாதம் நானும் அதையே நம்பினேன். எங்கள் குளியலறைக் கூரையில் ஒழுகாமல் இருக்க, ஷெட்டிலிருந்து கொண்டுவந்த சாக்குகளை விரித்திருந்தேன். இருமல் முற்றி என் வீட்டுக்காரர் வேலையை விட்ட கடைசி மாதத்துச் சாக்குகள். இன்னும் அடிக்காத புது மண் வந்த சாக்குகள். தையல் மூலையில் எப்போதும் கொஞ்சம் மண் தங்கும். நாலாவது மாதம் ஏறி எல்லாவற்றையும் இறக்கி, மூலைகளைப் பிரித்துத் தட்டினேன். இரண்டு பிடி தேறியது. மீன் ஜாடியிலிருந்தும் ஒரு பிடி எடுத்தேன்.

அதே தட்டு. முதலில் மீன் ஜாடி மண். தண்ணீர் விட்டு அரித்தேன். சிவப்பு நடுவில் உட்கார்ந்தது, நகரவில்லை. அதைக் கொட்டிவிட்டுச் சாக்கு மண்ணைப் போட்டேன். காய்ந்திருந்தபோது இரண்டும் ஒரே நிறமாகத்தான் எனக்குத் தெரிந்தன. தண்ணீர் பட்டு இரண்டு சுழற்று சுழற்றியதும் வெள்ளை தனியாகப் பிரிந்து ஓரத்துக்கு ஓடி வந்தது. தட்டின் விளிம்பு முழுக்க வெள்ளை. நான் ஒருமுறை பார்த்து நிறுத்துகிறவள் இல்லை. நாலு முறை பார்த்தேன்.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. நானும் கன்னியம்மா அக்காவும் தினமும் அந்த மண்ணைச் சலித்தோம். எங்கள் சல்லடையில் ஒருநாள்கூட வெள்ளை நின்றதில்லை. "பாத்தியா, நாலு வாட்டி அட்ச்சாலும் கலர் போவல. சுத்தமான சரக்கு" என்று ஸ்டோர் அண்ணன் அதைக் காட்டியே எங்களுக்குச் சொல்வார். நாங்களும் வருகிறவர்களிடம் எல்லாம் அதையே காட்டினோம். கார்னெட் மாவாகாது, அதனால் சல்லடையில் நின்றது. மணல் முதல் அடியிலேயே மாவாகிப் போய்விட்டது. மிச்சத்தைப் பார்த்து நாங்கள் சுத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். போனது எங்கே போனது என்று சலிக்கிறவள் கேட்டிருக்க வேண்டும். அரிசி அரிக்கத் தெரிந்தவள் கேட்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாங்காட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். ஆறாயிரத்தில் மாதம் ஐந்நூறாக மூன்று மாதம் கொடுத்திருந்தேன். நாலாவது ஐந்நூறு பர்ஸில் இருந்தது. ஒயர் கூடையில் தட்டும் மண்ணும் இருந்தன. அவர் வாசல் குழாயடியில் பைக் கழுவிக்கொண்டிருந்தார். இருமல் இல்லை, இளைப்பு இல்லை. விரல் இன்னும் வெறும் விரல்தான்.

"வாம்மா. மாமா எப்டி கீறாரு?"

நான் குழாயடியில் உட்கார்ந்து தட்டில் சாக்கு மண்ணைப் போட்டு, தண்ணீர் பிடித்து, அவர் கண் முன்னால் அரித்தேன். வெள்ளை ஓரத்துக்கு வந்தது. அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கை நல்லா பழகிகீது உனுக்கு" என்றார்.

"இது இன்னாண்ணா?"

ஈர மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து, விரலில் தேய்த்து, காதோரம் வைத்தார். ஈர மண் எப்படிப் பேசும்? பழக்கத்தில் செய்தார். கையை உதறினார்.

"பாதிக்குப் பாதி போட சொன்னாரு ஓனரு. நான்தான் முடியாதுன்னு நின்னேன். மூணுக்கு ஒண்ணுதாம்மா கலந்தேன். வேற ஆளா இருந்தா பாதிக்கு மேலயே போட்டிருப்பான்."

சொன்ன விதத்தில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. எனக்கு ஏதோ சலுகை செய்ததைப் போலச் சொன்னார். நான் நன்றி சொல்வேன் என்றுகூட எதிர்பார்த்திருப்பார் போல.

"தெரிஞ்சேதானே துண்டு போதும்ன?"

"குழா கேட்டேம்மா. வாங்கிக் குட்க்கல. நான் இன்னா பண்றது? எனுக்கும் அங்கதான் சம்பளம்."

"அப்ப எங்ககிட்ட சொல்லி இருக்கலாம் இல்ல?"

"உன்கிட்ட சொன்னா? நீ அன்னிக்கே அவர வேலைய வுட்டு நிறுத்தி இருப்பே."

"ஆமா. நிறுத்தி இருப்பேன்."

"அதான். அப்புறம் உங்க ஊட்ல அடுப்பு எப்டி எரியும்? நான் அதெல்லாம் யோசிச்சேன்மா."

நான் தட்டைக் கழுவினேன். ஒருமுறை கழுவியது போதாது என்று மறுபடி கழுவினேன். கூடையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். பர்ஸைத் திறக்கவில்லை. தெருமுனை வரை வந்துவிட்டேன், அவர் பின்னாலேயே வந்து கூப்பிட்டார்.

"எம்மா, மனச வுட்றாத. ஒண்ணியும் ஆவாது."

வாய் பழக்கம். அவரைப் பொறுத்தவரை உண்மையும்கூட. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

கன்னியம்மா அக்காவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. குழாய் அடித்த அன்று உயிரைக் காப்பாற்றியவர் அப்படிச் செய்திருக்க மாட்டார், ஓனர்தான் அவருக்குத் தெரியாமல் கலந்திருப்பான் என்றாள். அவரே ஒப்புக்கொண்டார் என்றேன். "ஓனர காப்பாத்த சொல்லியிருப்பாரு. அவ்ளோ நல்ல மன்சன்" என்றாள். இப்போது அவளுக்கும் இருமல் இருக்கிறது. ஸ்கேன் எடு என்றால், "நீ ஒரு பயந்தாங்கொள்ளி" என்கிறாள். எனக்கும் காலையில் தொண்டையில் ஏதோ உறுத்துகிறது. அது பயமா, தூசியா என்று சொல்லத் தெரியவில்லை. ஸ்கேன் எடுக்கும் தைரியம் எனக்கும் இல்லை.

ஷெட்டை மூடிவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் பார்சல் கம்பெனியின் குடோன். ஸ்டோர் அண்ணன் மாங்காட்டு வீட்டைக் காலி செய்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். எந்த ஊர் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. இருக்கிறாரா என்பதும் தெரியாது.

நாங்கள் கீழ் போர்ஷனுக்கு மாறிய பிறகு என் வீட்டுக்காரர் வாசல் வரைக்கும் வந்து உட்கார்கிறார். சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசினால் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டும். அப்படி நிறுத்தி நிறுத்தி மாதத்துக்கு ஒருமுறையாவது சொல்வார்.

"அந்த காச... குட்த்துரு. மன்சன்... மோதரத்த வித்து குட்த்தான். அது வேற... இது வேற."

"இன்னா வேற? அவரு மோதரத்த வித்தாரு. நீ இன்னாத்த வித்த?"

அவருக்குப் பதில் சொல்ல மூச்சு இருக்காது. நானும் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று அன்று முழுக்க மனம் அடித்துக்கொள்ளும்.

கொடுத்துவிட்டால் எல்லாவற்றையும் சரி என்று சொன்னதாக ஆகிவிடுமோ என்று ஒரு பயம். கொடுக்காமலே இருந்தால், நாளைக்கு அவருடைய மகள் வந்து வாசலில் நின்று, எங்கப்பா உங்களுக்குக் கஷ்டத்தில் கொடுத்தாரே என்று கேட்டால், தெருவுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று இன்னொரு பயம். இரண்டு முறை தனியாக எடுத்து வைத்தேன். இரண்டு முறையும் அது இவருடைய மருந்துக்குப் போனது.

ஆறாயிரத்தில் ஐந்நூறு ஐந்நூறாக மூன்று முறை கொடுத்தாயிற்று. பாக்கி நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.